பெயர் பொறித்த கல்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழரின் தொன்மையான மரபுகளுள் ஒன்று. கல்லைக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கிறது. வீரனின் பெயரையும் அவன் செய்த செயலையும் அக்கல்லில் பொறித்தனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல், கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பானைக் குறிக்கிறது. அவன் அரசனல்லன், ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் நின்று நிலவுகிறது. வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதைவிட, வீழ்ந்தவன் யார் என்பதே நடுகல்லின் செய்தி.

இம்மரபை அறிந்த கண்களுடன் தலைநகர் தில்லியில் உலாவுவோர்க்கு இரு பெரும் நினைவிடங்கள் புதுப்பொருள் தரும். ஒன்று, 1931ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தியா கேட். முதல் உலகப் போரிலும் 1919ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் மாண்ட வீரர்களுள் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் உள்ளன. மற்றொன்று, அதன் அருகே 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம். இதனை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன் என்பது நமக்கு உவகை தரும் செய்தி. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் இங்குக் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் இங்கு உள்ளன. அவர்களுள் ஒருவர் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால்.

1950 அக்டோபர் 14ஆம் நாள் புனேயில் பிறந்த அருண், 1971 ஜூன் 13ஆம் நாள் பூனா ஹார்ஸ் என்னும் டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். ஆறே மாதங்களில் போர் மூண்டது. சகர்கர் முனையில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் படை ஓர் இடத்தைக் கைப்பற்றியிருந்தது. அதனை மீட்க டிசம்பர் 16ஆம் நாள் பாகிஸ்தானின் டாங்கிகள் திரண்டு வந்தன. அங்கிருந்த நம் டாங்கிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. உதவி கோரிய அழைப்பைக் கேட்டு அருண் விரைந்தார். அன்றைய போரில் பகைவரின் பத்து டாங்கிகள் அழிந்தன. அவற்றுள் நான்கு அருண் அழித்தவை. அவரது டாங்கியும் குண்டுபட்டுத் தீப்பற்றியது. அதைக் கைவிட்டு வெளியேறுமாறு மேலதிகாரி ஆணையிட்டார். பீரங்கி இன்னும் இயங்குவதால் டாங்கியை விட்டு அகலேன் என்பதே வானொலிக் கருவிவழி அவர் அளித்த விடை. மீண்டும் ஒரு குண்டு தாக்க, அவர் உயிர் பிரிந்தது. அப்போது அகவை இருபத்தொன்று. கிழக்கே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாளில்தான். நாடு வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிய பொழுதே ஒரு வீடு மகனை இழந்திருந்தது. அந்நாள்வரை பரம்வீர் சக்கரம் பெற்றவர்களுள் அருணே மிக இளையவர்.

மறக்குடித் தாயொருத்தி தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடியுள்ளார். மேடைதோறும் நாம் அதனை வீரத்தின் சான்றாகப் போற்றுகிறோம். அம்மகன் மீளாவிடின் அத்தாயின் எஞ்சிய நாட்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அருணின் தந்தை பிரிகேடியர் எம். எல். கேத்ரபால் முப்பது ஆண்டுகள் அத்தகைய நாட்களைக் கடந்தவர். நாட்டுப் பிரிவினைக்கு முன் தாம் வாழ்ந்த சர்கோதாவை ஒருமுறை காணும் வேட்கையோடு 2001ஆம் ஆண்டில், எண்பதைக் கடந்த வயதில், அவர் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவருக்கு விருந்தோம்பியவர் பாகிஸ்தான் படையின் பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். அன்புடன் உபசரித்த அவர், பயணம் முடியும் தறுவாயில் ஓர் உண்மையை உரைத்தார்: பசந்தர் போரில் அருணை எதிர்த்து நின்றவர் அவரே, அருண் மாண்டதும் அவர் கையால்தான். அருணின் வீரத்தையும் அவர் வாயாரப் போற்றினார். மகனைக் கொன்றவரின் இல்லத்தில் உண்டு உறங்கிய தந்தையின் உள்ளம் அக்கணத்தில் பட்ட பாட்டை எச்சொல்லால் உரைப்பது! எனினும் அவர் பகைமை பாராட்டவில்லை. போரில் இருவரும் தத்தம் கடமையையே செய்தனர் என உணர்ந்து நாடு திரும்பினார்.

பகைவனே வியந்து பேசிய வீரம் அருணுடையது. மகனைக் கொன்றவரையும் வெறுக்காத பெருமை அவர் தந்தையுடையது. இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பதே மாண்ட வீரனுக்கு நாம் செய்யும் முறையான வழிபாடு. வெற்றி முழக்கம் சில நாட்களில் ஓய்ந்துவிடும். வெறுப்போ தலைமுறை தாண்டி வளர்ந்து மேலும் பல இளைஞர்களைக் களத்துக்கு இழுக்கும். மேலும் பல கற்களை நடச் செய்யும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம் குடும்பத்துப் பிள்ளைகள் நடுகல்லைப் பாடநூலில் மட்டுமே அறிகின்றனர். அவர்களைப் போர் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்வோமாக. அங்குள்ள பெயர்களுள் சிலவற்றையேனும் நின்று படிக்கச் செய்வோமாக. மொழியும் மாநிலமும் வேறாயினும் ஒவ்வொரு பெயரும் ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பெயர். அதை வாய்விட்டுப் படிப்பதும் ஒருவகை வாழ்த்தலே.