ஆயிரம் ரூபாய்க் காட்சி

2013 சனவரியில் கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தை, திரையரங்குகளில் வெளியாகும் முன்னரே டி.டி.எச். வழியாக 1000 ரூபாய்க் கட்டணத்தில் இல்லங்களுக்குக் கொணர முனைந்தார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர், முயற்சி நின்றது. மக்கள் கொடுத்திருப்பார்களா என்னும் வினாவுக்கு அன்று முழு விடை கிடைக்கவில்லை.

கடல் கடந்த விடையோ முன்னரே வந்திருந்தது. இலவசப் பரிமாற்றத்துக்குப் பழகியிருந்த அமெரிக்கருக்கு, 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் பாடலொன்றை 99 சென்டுக்கு அளித்தது; முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்றன. எளிமையும் நியாய விலையுமே காரணம் என்பது என் கணிப்பு.

திருட்டுப் பதிவு செய்வோரை இன்று நாம் கடிந்துகொள்கிறோம். ஒலிநாடாக் காலத்தில், இதே புதுவையில், நம் பங்கு இளைஞர்கள் ஒரே ஞானப்பாடல் நாடாவை நாற்பது வெற்று நாடாக்களில் பதிந்தனர். பாடியவருக்கு ஒரு காசும் போகவில்லை. திருப்பலி முடிவில் அவற்றை மகிழ்ந்து வழங்கியவன் அடியேன்.