இருபத்தொன்பது எழுத்தில் ஓர் எண்

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி 10ஆம் நூற்றாண்டில் பிராகிருதத்தில் யாத்த கோம்மடசாரத்தின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதர்களின் தொகையை 29 இலக்க எண்ணாகக் கூறுகிறது: 79228162514264337593543950336.

இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அவ்வாறே 256, 65536 எனச் சென்று ஐந்தாம் வர்க்கம் 4294967296 ஆகிறது. இதன் கனமே மேற்கண்ட எண். அதனைப் பாதிபாதியாகக் குறைத்துச் சென்றால் 96ஆம் முறையில் 1 எஞ்சும். பாதியாக்கும் இவ்வெண்ணிக்கைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். பெருக்கற்பலனின் அர்த்தச்சேதம், பெருக்கிய எண்களின் அர்த்தச்சேதங்களுடைய கூட்டுத்தொகையே என்பது 816இல் நிறைவுற்ற தவளா உரையில் வீரசேனர் தரும் விதி. ஐந்தாம் வர்க்கத்துக்கு அது 32. மும்முறை கூட்ட 96. பள்ளியில் மடக்கை என்று பயில்வதன் கருத்து இதுவேயன்றோ! நேப்பியரின் மடக்கை நூல் வெளிவந்தது 1614இல்தான்.

இலக்கங்கள் பிறழாதிருக்க, கடபயாதி முறைப்படி 29 எழுத்துகள் ஒரே காதையில் கோக்கப்பட்டுள்ளன. ஒன்றாம் இடத்திலிருந்து எண்ண வேண்டும். முதலெழுத்துத் தகரம், அதாவது 6. தமிழர்க்கு இடர் இங்கேதான். வடமொழித் தவருக்கத்தின் முதல் நான்கு ஒலிகள் முறையே 6, 7, 8, 9. தமிழ் வரிவடிவிலோ நான்கிற்கும் ‘த’ ஒன்றே. காதையின் ஆறாம் எழுத்து அவ்வருக்கத்தின் நான்காம் ஒலி. தமிழில் எழுதினால் 9 மறைந்து 6 ஆகிவிடும். அடுத்த எழுத்தும் அவ்வாறே, ககரமாகி 3க்கு மாறாக 1 தரும். நம் முன்னோர் கிரந்த எழுத்தைக் கைவிடாததன் பயன் இக்காதையில் தெளிவாகும்.

இல்லங்களில் பிள்ளைகளுக்கு இதனை ஓதுவிப்போர், எழுத்தை எண்ணாக்கிப் பாதியாக்கிப் பார்க்கலாம். 96 முறைக்குள் மீதி வந்தால், எங்கோ ஓரெழுத்துப் பிழைத்திருக்கிறது.