கிராணியின் அகராதி

தோட்டத்திலும் பட்டணத்திலும் ஆங்கிலம் கற்ற நம் வாலிபர்களிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறோம். அகராதியைத் திறந்து, நீண்ட கடுஞ்சொற்களாகப் பொறுக்கி, குறிப்புப் புத்தகத்தில் வரிசையாக எழுதி மனனம் செய்கின்றனர். பின்னர் விண்ணப்பங்களில் அவற்றை அணிகலன்போல் மாட்டுகின்றனர். நாமும் இப்பழக்கத்திற்கு ஆளாகியிருந்தோம். லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று தொழிலாளர் பணிவுடன் செய்த முறையீட்டை ஒருமுறை நாம் ஆங்கிலத்தில் வரைந்தோம். வேண்டுகோள் என்று எழுத வேண்டிய இடத்தில், ஓசை கம்பீரமாயிருந்த காரணத்தால், 'அல்டிமேட்டம்' என்று எழுதினோம். அஃது இறுதி எச்சரிக்கையைக் குறிக்கும் சொல்லென்பதை மேலிடத்துச் சினம் கண்ட பின்னரே அறிந்தோம். கூரை செப்பனிடப்பட ஆறு மாதம் சென்றது. மழையில் நனைந்தவர் நாமல்லர்.

ஆகவே, சொற்செல்வத்தை எங்ஙனம் ஈட்டுவது என்பது வீண் ஆராய்ச்சியன்று. இதற்கு விடை சிங்கப்பூரின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தவர் அப்துல்லா பின் அப்துல் காதிர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே மணம் புரிந்து, பின் மலாக்காவில் குடியேறியவர். வணிகர் கணக்கிற்குத் தமிழ் வேண்டியிருந்த அந்நகரில், அவர் ஆசிரியரிடம் தமிழ் கற்றார். அரபும் மலாயும் கற்றார். சிப்பாய்களுக்குப் பாடம் சொன்னமையால் மொழியாசிரியர் எனப் பொருள்படும் 'முன்ஷி' என்னும் பட்டம் பெற்றார். 1811-இல் ஜாவாமீது படை செல்லுமுன், மலாக்காவில் ராபிள்ஸிடம் கடிதங்களைப் பிரதியெடுக்கும் வேலையில் அமர்ந்தார். அப்போது அவர் சிறுவர். நம்மைப் போன்ற ஓர் எழுத்தரே என்க! பின்னர்ப் பாதிரி மில்னுக்கு மலாய் கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்றார். 1819-இல் சிங்கப்பூர்க் குடியேற்றம் தோன்றிய பிறகு, அங்கே வெள்ளையருக்கு ஆசிரியராயும் மொழிபெயர்ப்பாளராயும் விளங்கினார்.

அவர் ஆங்கிலம் பெற்ற வழியைக் கவனியுங்கள். ஒரு மொழியைக் கொடுத்து மற்றொன்றை வாங்கினார். ஒவ்வொரு சொல்லையும் மறுமொழியில் நிறுத்துப் பார்த்தே எடுத்தார். பாதிரிமாரின் மலாயில் பிழை கண்டவிடத்துத் திருத்தவும் அஞ்சவில்லை. மலாய் மக்கள் தம் மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று வருந்தினார். 1849-இல் அச்சான அவரது 'ஹிக்காயத் அப்துல்லா' மலாய் உரைநடைக்கே புதுவழி திறந்தது. பிறமொழி அவரைத் தன்மொழிக்கு அந்நியராக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி அகராதிக்கு வருவோம். யூல் என்பாரும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல் என்பாரும் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' 1886-இல் வெளிவந்தது. கீழ்நாடுகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த சொற்களின் சரித்திரம் அது. நம் கறியும், சுருட்டும், கட்டுமரமும், மிளகுத்தண்ணீரும் ஆங்கிலேயர் நாவில் உருமாறியதை அதில் காணலாம். வங்காளத்தில் ஆங்கில எழுத்தரைக் குறித்த 'க்ரானி'யும் அதிலுண்டு; மலாயில் 'கெராணி', தோட்டத்தில் 'கிராணி'. நம் உத்தியோகத்தின் பெயரே கடல் கடந்த சொல்லன்றோ!

ஆனால், பெருமையோடு நின்றுவிட முடியாது. தமிழில் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அச்சொல் உழைப்பவனையே குறித்தது. அதன் பிறப்பைத் தமிழ்க் கூலியிற் காண்பாரும், குஜராத்தின் கோலி இனப்பெயரிற் காண்பாரும் உளர். எவ்வாறாயினும், ஊதியத்தின் பெயர் மனிதன்மேல் ஏறியது. மனிதனின் பெயர் மறைந்தது. மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. ஏச்சுச்சொல் நெடுநாள் ஒழியவில்லை.

அதனினும் கொடியது 'பரியா' என்னும் சொல். பறையர் என்னும் நம் மக்கட்பெயரினின்று பிறந்த அது, ஆங்கிலத்தில் விலக்கப்பட்டவர் எவருக்கும் பொதுப்பெயராயிற்று. நாம் நம்மவருக்கே இழைத்த அநீதி உலகமொழியொன்றில் பதிந்து கிடக்கிறது. மனனம் செய்யும் வாலிபர் இதனை அழகிய சொல்லென்று பட்டியலில் சேர்ப்பார்; வேரறிந்தவர் எழுதுகோலை நிறுத்துவார்.

1987 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளனைத்திலும் ஆங்கிலமே முதன்மைப் போதனாமொழி. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. சிராங்கூன் சாலையில் நடக்கும் சிறுவர்க்கு இரு மொழியும் எட்டும் தூரத்தில் உள்ளன. அவர்க்கும் நமக்கும் வழி ஒன்றே. புதுச்சொல் எதிர்ப்பட்டால் மூன்று வினாக்களைக் கேட்போம்: இஃது எங்கிருந்து வந்தது? யார், எவ்விடத்தில் வழங்குகின்றனர்? இதனைத் தமிழில் தெளிவாகச் சொல்ல நமக்கு இயலுமா? மூன்றாவதற்கு விடையில்லையேல், அச்சொல் இன்னும் நம்முடையதாகவில்லை.

நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். பிறர் குறையை எழுதும் கை நம்முடையது. அதிற் பிழை நேர்ந்தால் ஒழுகுவது பிறர் கூரை.