ஜான் பீல்

ஜான் பீல் (30 ஆகஸ்ட் 1939 – 25 அக்டோபர் 2004): இங்கிலாந்தின் வானொலி அறிவிப்பாளர். இயற்பெயர் ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில், 1967இல், நிலையத்தின் பாட்டுப் பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தன் விருப்பப்படி நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தினார். அவ்வாண்டே தொடங்கிய பிபிசி ரேடியோ 1இல் சேர்ந்து, இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1978இல் அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ இசைத்தட்டை அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கவிட்டார். சில தட்டுகளைத் தவறான வேகத்தில் ஓடவிடுவதும் உண்டு. நேயர்களுக்கு அதுவும் பிடித்திருந்தது. பெயரறியாக் குழுக்களையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் பதிவுசெய்த ‘பீல் செஷன்ஸ்’தான் அவருடைய பெருங்கொடை. பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் காலமானார்.