மீட்டல் என்னும் வினை

தமிழ் வினைகளுட் சில தம்முள் ஒரு வரலாற்றையே அடக்கி நிற்பன. 'மீட்டல்' அத்தகையது. தானே திரும்பி வந்தவன் மீண்டான். கைவிட்டுப் போனதைத் திரும்பக் கொணர்ந்தவன் மீட்டான். யாழை இசைத்தவனோ மீட்டினான். ஓரெழுத்து வேறுபாட்டாற் பொருள் எத்துணை விலகுகின்றது காண்க.

பெறுதல் என்பது முன்பு நம்மிடம் இல்லாத பொருளுக்கும் ஆகும். மீட்டலோ, முன்னரே நமக்குரியதாயிருந்து பிறர் கைப்பட்டதற்கே ஆகும். உரிமை, இழப்பு, விலை ஆகிய மூன்றும் கூடினாலன்றி இவ்வினை நிகழாது.

பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைத் தொல்காப்பியர் வெட்சியுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை எனத் தனித் திணையாக்கிற்று. தமிழகத்துச் செங்கம் வட்டாரத்தில், மாட்டு மந்தையை மீட்டு வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் உள்ளன. ஆங்கு விலை உயிராயிருந்தது.

மலாயாத் தோட்டங்களில் இச்சொல் பெரிதும் வழங்கிய இடம் அடகுக்கடை. கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் வைத்த நகையை, அசலும் வட்டியும் கட்டி மீட்டனர் நம்மவர். நகை அடகு போனால் கையிற் சீட்டாவது இருக்கும். மானம் அடகு போனால் சீட்டு ஏது?

அம்மானத்தை மீட்கவே 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்கட்குத் துணைநின்றார். கூலி உயர்வோடு, பிள்ளைகட்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடலும், துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தின் ஒழிப்பும் கேட்டனர். சைக்கிளில் அமர்ந்தே செல்வது எவரும் கொடுக்கத்தக்க பரிசன்று. மனிதனாய்ப் பிறந்தபோதே வந்த உரிமை. ஆதலின் அவர்கள் கேட்டது ஈகையன்று, மீட்பு. அதற்கும் விலை கொடுத்தனர்: துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர்க்கு வேலையோடு வீடும் போயிற்று. அந்நிலையில் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பால்மரத் தொழிலாளர் தம் கூலியினின்று தவணையாகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. காடழித்துக் கன்று நட்ட கைகளுக்கு அந்நிலம் புதியதன்று. ஆதலின் இதனையும் வாங்குதல் என்பதினும் மீட்டல் என்பதே பொருந்தும்.

எனினும் மீட்டதைக் காவாவிடின் அது மறுபடியும் அடகுக்கே போம். சிலாங்கூரில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் இன்று ஷா ஆலம் நகரம் நிற்கின்றது. நிலம் உருமாறும், அதில் உழைத்தோர் வரலாற்றை எழுதி வைப்பின், எது நம்முடையதாயிருந்தது என்பதை நம் மக்கள் அறிவர். இழந்தது இன்னதென்று அறியாதவன் எதனை மீட்பான்?