மூளையைத் தொட்ட மீயொலி

ஒலியால் மூளையைக் கட்டுப்படுத்தலாம் என்று தலைப்பிட்ட செய்திகளை அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். நெடுங்காலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில், இத்தகைய தலைப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நான் அறிவேன். உண்மையில் இது புதுமையுமல்ல, மந்திரமுமல்ல. இதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1949ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி போர்த்துக்கல் மருத்துவர் எகாஸ் மொனிஸுக்குக் கிடைத்தது. உளநோயாளரின் மூளை முன்மடலில் நரம்பிழைகளைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்கான பரிசு அது. துண்டித்ததை மீண்டும் இணைக்க வழியில்லை. பலர் தம் இயல்பையே இழந்தனர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரை, பிரான்சிஸ் ஃபிரை என்ற சகோதரர்கள் வேறு வழி தேடினர். உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, செவிக்கு எட்டாத மீயொலியை மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவித்தனர். இடையிலுள்ள இழையங்களைக் காயப்படுத்தாமல் அப்புள்ளியை மட்டும் அழிக்க முடிந்தது. பார்க்கின்சன் நோயாளருக்கும் இம்முறை பயன்படுத்தப்பட்டது. ஆனால் மண்டையோடு ஒலியை உறிஞ்சிச் சிதறடித்ததால், அதன் ஒரு பகுதியை முதலில் அகற்றவேண்டியிருந்தது.

1958இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வே என்னை வியக்கவைக்கிறது. பூனையின் கண்ணில் ஒளி பட்டதும் மூளையில் எழும் மின்சமிக்ஞை, பார்வைப் பாதையில் மீயொலியைச் செலுத்தியபோது தளர்ந்தது, பின்னர் மீண்டது. அழிக்காமலே மூளையின் ஒரு பகுதியைச் சிறிதுநேரம் ஓயவைக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

எனினும் மண்டையோட்டைத் திறக்காமல் அதைச் செய்யப் பல தசாப்தங்கள் காத்திருக்க நேர்ந்தது. 2010இல் எலிகளில், மண்டையோட்டின் ஊடாகவே மூளையைத் தூண்ட முடிந்தது. 2014இல் மனிதர்களில், தொடுகையைப் பிரித்தறியும் திறன் இம்முறையால் தற்காலிகமாக மேம்பட்டது.

2016இல் அமெரிக்கா, கடுமையான கைநடுக்கத்துக்கு மீயொலிச் சிகிச்சையை அனுமதித்தது. அது ஒரு புள்ளியை நிரந்தரமாக அழிக்கும் சிகிச்சை. ஆயினும் மருத்துவர் முதலில் அவ்விடத்தை மிதமாகவே சூடேற்றுவார். விழித்திருக்கும் நோயாளி தாளில் ஒரு சுருள்கோடு வரைவார். நடுக்கம் தற்காலிகமாகத் தணிந்தால் மட்டுமே அடுத்த கட்டம். இடம் தவறெனில் மாற்றிக்கொள்ளலாம்.

கட்டுப்படுத்தல் என்ற சொல்லில் இந்த நிதானம் மறைந்துபோகிறது. அழிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, மொனிஸின் நோயாளருக்கு இருக்கவில்லை. செய்தி எழுதுவோர் அதையும் தலைப்பில் சொல்லலாமே.