வாவா வராத ஊர்

கியூபாவில் பஸ்ஸுக்குப் பேர் ‘வாவா’. நம்ம காதுக்கு யாரோ வா, வா என்று கூப்பிடுவது போல இருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஹவானாக்காரர்கள் எவ்வளவு கூப்பிட்டும் அது வரவில்லை.

காரணம் ஊரறிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. சர்க்கரையை வாங்கிக்கொண்டு எண்ணெய் கொடுத்துவந்த கை போய்விட்டது. ஹங்கேரியிலிருந்து வந்த இகாரஸ் பஸ்களுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. 1962இலிருந்தே இருந்த அமெரிக்கத் தடையை 1992இல் இன்னும் இறுக்கினார்கள். அந்த வருஷங்களுக்கு அரசு வைத்த பெயர் ‘அமைதிக்கால விசேஷ காலகட்டம்’. அமைதி பெயரில் இருந்தது, வயிற்றில் இல்லை.

அப்போது வந்ததுதான் ‘கமேயோ’, அதாவது ஒட்டகம். முன்னால் ட்ரெய்லர் இழுக்கிற லாரித் தலை. பின்னால் ஜன்னல் வைத்த நீளமான இரும்புப் பெட்டி. அதன் இரண்டு முனையும் தூக்கி, நடுவில் தாழ்ந்திருக்கும். அந்தத் திமில்களால் வந்த பெயர். ஒரு நடைக்கு 300 பேர் வரை ஏறினார்கள். சனிக்கிழமை ராத்திரி டிவி படம் மாதிரி இதிலும் அடிதடி, ஆபாசம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு என்பது ஹவானாவில் பிரபலமான ஜோக்.

சிரிப்பதற்கு முன்னால் கணக்கையும் பார்க்கணும். ஒரு எஞ்சின், ஒரு டிரைவர், நாலைந்து பஸ் கூட்டம். டீசல் சொட்டுச் சொட்டாக வருகிற நாட்டில், சிலர் உட்கார்ந்து போவதைவிட எல்லோரும் நின்றாவது போய்ச் சேரட்டும் என்று எடுத்த முடிவு அது. என்னால் அதைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மிச்சமான டீசல் அரசாங்கக் கணக்கில் ஏறும். கிழவியின் முழங்கால் வலியும், நெரிசலில் பையை மார்போடு அணைத்து நின்ற பெண்ணின் பயமும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

தலைநகருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 1940, 50களின் அமெரிக்க லாரிகளில் கூரை போட்டு, பெஞ்சு அடித்து, பின்னால் ஏணி வைத்து ஆட்களை ஏற்றினார்கள். நெடுஞ்சாலைகளில் மஞ்சள் சீருடை ஊழியர்கள் நின்றார்கள். சீருடையை வைத்தே ஜனங்கள் அவர்களை ‘அமரியோ’, மஞ்சள்காரர் என்றார்கள். காலியாகப் போகும் அரசு வண்டியை மறித்து, காத்திருப்பவர்களை அதில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. வரிசைக்கும் ஒரு முறை உண்டு. புதிதாக வருபவர் “யார் கடைசி?” என்று கேட்பார். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், நிழலில் போய் உட்காரலாம். பசியிலும் அந்த ஒழுங்கு குலையவில்லை என்பது எனக்கு ஒட்டகத்தைவிடப் பெரிய ஆச்சரியம்.

2008இல் சீனாவின் யூட்டாங் பஸ்கள் ஹவானாவின் ஒட்டகங்களை ஓய்வுக்கு அனுப்பின. வெளியூர்களில் லாரிகள் ஓய்வு பெறவில்லை.

“லாரியில ஆளை ஏத்துறாங்களே, என்ன நாடுய்யா அது” என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கே டீசல் நின்னுபோச்சுன்னா, நம்ம ஊர்ல முதல்ல யாரை இறக்கிவிடுவோம்?